வண்டியே வீடாகும் இரவுகள்

வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மெத்தையும் சிறு அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்துக்கொண்டு, குடும்பத்தோடு வார இறுதியில் புறப்பட்டுவிடும் வழக்கம், பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் மலேசியாவெங்கும் பரவி, ஜொகூரின் தென்கோடியிலுள்ள பெர்மாஸ் ஜெயாவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. விடுதி வாடகைக்கும் அறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலைக்கும் இடமில்லாத இந்தப் பிரயாணத்தில், வீட்டைத் தம்மோடு கொண்டுபோகிறவர்களுக்கு எஞ்சியிருப்பது ஒரே கேள்விதான்: இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது? 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டபடியால், சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறவர்களும் அதே நாட்களில் அதே இடங்களை நாடுகிறார்கள். கிடைத்த இடத்தில் நிறுத்திவிடும் அவசரம் ஏற்படுவது இதனால்தான். அந்த அவசரம் அபாயமானது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து போவதற்குப் பிரதானமாக இரண்டு திசைகள் உண்டு. பாசிர் கூடாங் பக்கமாகச் சென்று, 2011-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட செனாய் - டெசாரு விரைவுச்சாலையில் ஏறி, ஜொகூர் ஆற்றின் மேல் 500 மீட்டர் நீளமுள்ள நடுக்கண்ணைக் கம்பி வடங்களில் தாங்கி நிற்கும் பெரிய பாலத்தைக் கடந்தால், தென்சீனக் கடலின் கரைக்கு வந்துவிடலாம். உலு திராம் வழியாக வடக்கே சென்றால் கோத்தா திங்கியும், அதன் மலையடிவாரத்து அருவிகளும், அதற்கும் அப்பால் எண்டாவ் ஆற்றின் காடுகளும் வரும். ஒன்று கடலின் வழி, மற்றொன்று ஆற்றின் வழி. இரண்டுக்கும் காலம் வேறு, நேரம் வேறு, ஜாக்கிரதையும் வேறு.

வண்டிவீட்டுப் பிரயாணம் நெடுநாளாக வேரூன்றிய கலிபோர்னியாவின் வட கடற்கரையில் இந்தத் தேர்வு மிகவும் எளிது. அங்கே கோடைகாலத்திலும் கடல் நீர் குளிர்ந்தே இருப்பதால், அதன் மேல் வீசும் ஈரக்காற்று குளிர்ந்த பனிமூட்டமாகித் திரண்டு கரையை மூடிவிடும். சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கிலோ நல்ல வெயிலடிக்கும். மூட்டம் சலித்தவர்கள் பள்ளத்தாக்குக்கும், வெயில் சலித்தவர்கள் கரைக்கும் மாறிக்கொள்வார்கள். நம் பிரதேசத்தில் இந்த முறை தலைகீழாக இருக்கிறது. தென்சீனக் கடல் ஆண்டெல்லாம் வெதுவெதுப்பாக இருப்பதால் கரையில் அத்தகைய மூட்டம் திரள்வதில்லை. மேகமற்ற இரவில் தரை தன் உஷ்ணத்தை இழக்க, குளிர்ந்த காற்று தாழ்வான இடங்களில் தேங்கி, விடியற்காலையில் வெண்மூட்டம் கவிவது இங்கே ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான். நம் கடற்கரையை மறைக்கும் மூட்டம் வேறு வகையானது. தென்மேற்குப் பருவக்காற்றின் வறண்ட மாதங்களில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகையைக் காற்று சுமந்து வரும்போது உண்டாவது. 2013 ஜூன் மாதத்தில் இப்புகை மூவாரையும் லெடாங்கையும் அவசர நிலைக்கே உள்ளாக்கியது. அத்தகைய நாட்களில் காற்றுத் தூய்மைக் குறியீட்டைப் பார்க்காமல் குழந்தைகளோடும் ஆஸ்த்துமா உள்ள பெரியவர்களோடும் வெட்டவெளியில் இரவைக் கழிக்கப் புறப்படுவது சரியன்று.

கடற்கரையை நாடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது நாட்காட்டியை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று இந்தக் கரையை நேராகத் தாக்குகிறது. மழை விடாமல் பெய்யும், அலை உயரும், தீவுகளுக்குச் செல்லும் படகுகளும் குறைந்துபோகும். நம் பண்டிகைகளை வைத்துப் பார்த்தால், தீபாவளி விடுமுறை பெரும்பாலும் இக்காற்று தொடங்கும் தறுவாயிலும், பொங்கலும் தைப்பூசமும் அதன் நடுவிலும் வந்துவிடுகின்றன. சித்திரைப் பிறப்புக்குப் பிறகே கரை சாந்தமடைகிறது. டெசாருவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் பாலாவ், ஆழமில்லாத தெலுக் மக்கோத்தா விரிகுடா, மெர்சிங்குக்கு வடக்கேயுள்ள ஆயர் பாப்பான் ஆகிய இடங்களுக்கெல்லாம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரையிலான மாதங்களே உகந்தவை.

கரையை அடைந்ததும் சவுக்கு மரங்களைக் கவனித்துப் பாருங்கள். வேர்கள் மண்ணுக்கு வெளியே தொங்கினால், அந்த இடத்தைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மணலின் மேல் சருகும் சிப்பியும் மரத்துண்டுகளும் ஒரு கோடாகக் கிடக்குமே, அதுதான் சமீபத்திய கடல்பெருக்கு வந்து தொட்ட எல்லை. வண்டி அதற்கு வெகு தூரம் உள்ளே, கெட்டியான தரையில் நிற்கவேண்டும். கனத்த வேன் மணலில் புதைந்தபின் கடல்நீர் ஏறத் தொடங்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. கழிமுகங்களுக்கு அருகே நிறுத்துவதும் நல்லதல்ல. ஜொகூரின் ஆற்று முகங்களில் முதலைகள் உண்டு.

ஆற்றோரத்தின் விஷயம் இதைக் காட்டிலும் நுட்பமானது. கடல் தன் கோபத்தை முன்கூட்டியே காட்டிவிடும், மலையாறு காட்டாது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, மேலே மலையில் பெய்த மழை, மரங்களும் மண்ணும் சேர்ந்து அடைத்திருந்த தற்காலிக அணையை உடைத்துக்கொண்டு சில நிமிஷங்களில் கீழே பாய்ந்துவிடும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று அஞ்சும் வெள்ளம் இதுதான். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவதும், மேற்பக்கமிருந்து இரைச்சல் கேட்பதும் அதன் அடையாளங்கள். கண்டவுடன், சாமான்களை எடுத்துவைக்கும் எண்ணமே இல்லாமல், மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும், பருவங்கள் மாறும் காலத்தில், பிற்பகல் இடிமழை சகஜம். கடற்கரைக்கு ஏற்றதென்று சொன்ன ஏப்ரல் மாதமே ஆற்றுக்கு எச்சரிக்கை மாதமாகிவிடுவதைக் கவனிக்கவேண்டும்.

ஆறு எவ்வளவு உயரத்துக்கு வரும் என்பதை அறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. கரையோரச் செடிகளையும் மரக்கிளைகளையும் நிமிர்ந்து பார்த்தால், காய்ந்த புல்லும் சேறும் பிளாஸ்டிக் பைகளும் சிக்கித் தொங்கும் ஒரு மட்டம் தென்படும். அது உங்கள் தலைக்கு மேலிருந்தால், அந்த இடம் எவ்வளவு ரம்மியமாக இருந்தாலும் இரவு தங்குவதற்கானதன்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை கோத்தா திங்கி நகரையே மூழ்கடித்த ஜொகூர் ஆறு, இந்தப் பாடத்தை ஓர் ஊர் முழுவதற்கும் கற்பித்தது.

இன்னும் ஆழ்ந்த காட்டை விரும்புவோர்க்கு எண்டாவ் - ரொம்பின் தேசியப் பூங்கா இருக்கிறது. 1985-86-இல் மலேசிய இயற்கைக் கழகம் நடத்திய ஆராய்ச்சிப் பயணமே இந்தக் காட்டின் அருமையை நாட்டுக்கு உணர்த்தியது. ஆனால் கஹாங்கிலிருந்து கம்போங் பேத்தா நுழைவாயில் வரை செல்லும் மண்சாலை நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகளுக்கானது. சாதாரண வேனை நம்பி இறங்கக்கூடாது. மழைப்பருவத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள். கஹாங், மெர்சிங் வட்டாரச் சாலைகளில் இரவில் யானைகள் குறுக்கிடுவதால், இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்வது அவசியம். பேத்தாவில் ஆற்றை நம்பி வாழ்கிறவர்கள் ஜக்கூன் பூர்வகுடி மக்கள். பாத்திரம் கழுவிய சோப்பு நீரை ஆற்றில் விடுவது அவர்களுடைய தண்ணீரைக் கெடுப்பதாகும்.

நீரைப் போலவே சரிவையும் பார்க்கவேண்டும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங் காலியில், முகாமிட்டு உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்து 31 பேர் மாண்டார்கள். அந்த முகாம் உரிமம் இன்றி நடத்தப்பட்டது என்பது பின்னரே வெளிப்பட்டது. ஆகையால், முகாம் நடத்துகிறவரிடம் உள்ளூராட்சி மன்றத்தின் லைசன்ஸ் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. பணம் கொடுத்துத் தங்குகிறவரின் உரிமை அது. வெள்ளம் வந்தால் வண்டி வெளியேற வேறு வழி உண்டா, இரவில் விழித்திருக்கும் காவலர் இருக்கிறாரா என்பனவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டிக்குள்ளும் ஒரு ஜாக்கிரதை உண்டு. பள்ளத்தாக்கின் விடியற்குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை எல்லாம் இறுக மூடினால், மூச்சின் ஈரம் கண்ணாடியில் வியர்த்து மெத்தையை நனைக்கும். அதோடு உள்ளேயே அடுப்பும் எரிந்தால், வாசனையற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குகிறவர்களின் உயிருக்கே உலை வைத்துவிடும். எதிரெதிராக இரண்டு ஜன்னல்களை விரலளவு திறந்து வைப்பதும், சமையலை வெளியே முடித்துக்கொள்வதும் போதும்.

தோட்டப்புறங்களில் ஆற்றோடு வளர்ந்த நம் மூத்த தலைமுறையினர், மேகத்தின் நிறத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்தே குழந்தைகளைக் கரையேற்றியவர்கள். அடுக்குமாடிகளில் வளரும் இளையவர்களுக்கு அந்த அறிவு தானாக வந்துவிடாது; அவர்களோடு சென்று இடம் பார்க்கும்போது ஒவ்வோர் அடையாளத்தையும் காட்டிச் சொல்லித்தான் வரவேண்டும். மாலை நாலு மணிக்குள் சென்று, நடந்து பார்த்து, உள்ளூராரைக் கேட்டு, மனம் ஒப்பாவிட்டால் அடுத்த இடத்துக்கு வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். சக்கரங்களின் மேல் வீடு வைத்திருப்பதன் பெரும் சௌகரியம் அதுவல்லவா? அதைத் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.