தள்ளாடி நடந்தால் குடிகாரரா?

நடுத்தர வயது கூட ஆகாதவர். வெயிலில் கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு கால் இழுக்கிறது. தாதர் மேம்பாலப் படியில் தடுமாறுகிறார். "காலையிலேயே ஏற்றிக்கொண்டான்" என்று ஜனங்கள் விலகிப் போகிறார்கள். அவரோ ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர்!

இப்படிப் பழி சுமப்பவர்களில் சிலருக்கு இருப்பது "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்" என்ற நரம்பு நோய். மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோல, மூளை, தண்டுவட நரம்புகளுக்கு மயலின் என்ற உறை உண்டு. உடம்பின் காவல் படையே அதைத் தாக்கி அழிக்கிறது. மூளை இடும் கட்டளை காலுக்குத் தாமதமாகப் போகிறது. பாரீஸ் டாக்டர் ஷார்கோ 1868-ம் ஆண்டில் இதைத் தனி நோயாக விளக்கினார்.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. பெண்களுக்கே அதிகம். அவர்களைக் குடித்ததாகச் சொல்ல மாட்டார்கள். "வேலைக்குக் கள்ளம்" என்பார்கள். அது இன்னும் கொடுமை.

விழுவது எப்படி?

முன்பாதம் தூக்காமல் பாய் விளிம்பிலும் வாசற்படியிலும் இடறும். பாதம் மரத்திருப்பதால் கண்ணை நம்பியே நடக்கிறார்கள். இருட்டு மாடிப்படியில் அந்தத் துணையும் போய்விடும். வாளியைத் தூக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே திரும்பினாலும் ஆபத்துதான். உடல் சூடேறினால் நடை மோசமாகும். குளிர்ந்ததும் பழைய நிலை திரும்பும். இதனால்தான் காலையில் நன்றாக நடந்தவர் மதியம் தள்ளாடுகிறார். "நடிக்கிறான்" என்ற பேச்சும் வருகிறது.

இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்று மாதத்தில் ஒரு முறையாவது விழுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அடியைவிடப் பயம் பெரிது. பயந்து உட்கார்ந்துவிட்டால் தசை மெலியும், மறுபடி விழுவார்.

25 அடி தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறார் என்று டாக்டர்கள் கடிகாரம் வைத்துப் பார்க்கிறார்கள். சமநிலைப் பயிற்சி, பாதத்தைத் தாங்கும் பட்டை, கைத்தடி ஆகியவை உதவும். வீட்டில் மோரியின் ஈரத்தைத் துடைத்து, படியில் விளக்குப் போட்டாலே விபத்து குறையலாம். கைத்தடிக்கு வெட்கப்படுகிறவர்கள் பலர். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வெட்கம் எங்கே போகும்?

இந்நோயாளிகளுக்கான இந்தியச் சங்கம் 1985-ல் பம்பாயில்தான் தொடங்கியது. 2016-ம் ஆண்டுச் சட்டம் இந்த நோயை ஊனங்களின் பட்டியலில் சேர்த்தது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் பெற்றவர்களுக்குச் சலுகைகள் உண்டு. மின்சார ரெயிலில் தனிப் பெட்டியும் இருக்கிறது. "ஆள் திடமாகத்தானே இருக்கிறாய்" என்று அங்கேயும் எழுப்பிவிடப் பார்ப்பார்கள். அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது.