கல்யாண வீடு – 9: டிக் விழாத வரி

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்கு முகூர்த்தம். அதற்கு முந்தின திங்கட்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு, மதுரையில் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்து தாம்பூலப் பை மடித்துக்கொண்டிருந்தோம். மொத்தம் 800 பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பாலிதீன் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசு இயக்கம். ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளை விட்டு மஞ்சப்பை முழுசாகப் போனதே இல்லை. பிசிறு நூலைக் கத்தரித்து, பாக்குப் பொட்டலமும் மஞ்சள் குங்குமப் பொட்டலமும் உள்ளே போட்டு, ஐம்பது ஐம்பதாக அடுக்கினோம். தேங்காயும் வெற்றிலையும் அன்றைக்குக் காலையில்தான் போட வேண்டும்.

அக்கா மட்டும் பை மடிக்கவில்லை. ஒரு 80 பக்க நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அந்த நோட்டு அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ‘மண்டபத்துச் சாவி சனி மதியம் 2 மணி’, ‘உள்ளே போனவுடன் கரண்ட் மீட்டரை போட்டோ எடுக்கணும்’, ‘ஜெனரேட்டர் டீசல் நம்ம பொறுப்பு’, ‘மாப்பிள்ளை வீட்டுக்கு ரூம் நாலு – சோப்பு, துண்டு, கொசுவத்தி’ என்று வரிசையாகப் போகும். ‘பத்திரிகை நாலு தனியா எடுத்து வைக்க’ என்று ஒரு வரி. கல்யாணத்தைப் பதிவு செய்யும்போது பத்திரிகையும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். 90 நாளுக்குள் செய்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. கல்யாணம் முடிந்து வீட்டில் ஒரு பத்திரிகைகூட மிஞ்சாமல் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அக்காவும் பார்த்திருக்கிறாள்.

இந்தக் கடைசி வாரத்தில் உடம்பு படும் பாடு பெரிதில்லை. ஞாபகம் படும் பாடுதான் ஆளை அரைக்கிறது. மளிகை வந்து இறங்கியாயிற்றா, மேளகாரருக்கு வண்டி சொல்லியாயிற்றா, மாலை எத்தனை என்று தூக்கத்திலும் கணக்கு ஓடும்.

மாலைக் கணக்கு என் பொறுப்பு. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஆவணியில்தான் வந்து விழுவார்கள். முதல் முகூர்த்தத்தையே குறிக்கலாம் என்றார் அத்தான். ‘அப்படிக் குறிச்சா பந்தக்கால ஆடியில ஊன்றணுமே’ என்று மணப்பெண்ணின் அப்பத்தா ஒரே பேச்சில் மறுத்துவிட்டதால் இரண்டாவது முகூர்த்தம். அன்றைக்கும் ஊரில் மண்டபம் காலியில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலையைக் காலண்டர் பார்த்தே சொல்லிவிடலாம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஏறும், மறுநாள் இறங்கும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் உலகம் முழுக்கப் போனாலும், விடியற்காலை மூட்டை அவிழும்போது மொட்டாக இருக்கும் பூவை வாங்கினால்தான் மாலை கட்டி மேடை ஏறுகிற நேரத்துக்கு அது விரியும். பூக்கட்டுகிறவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, மொட்டுக்கு மட்டும் நான் நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அங்கேயே ஒரு கடையில் வெற்றிலைக்கும் அட்வான்ஸ் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை என் செய்முறைச் சங்கிலியை வாங்கி வந்தேன். தாய்மாமன் என்ற முறையில் 2 சவரன், 16 கிராம். கொக்கிக்குப் பக்கத்தில் ஹால்மார்க் முத்திரையையும் ஆறு இலக்க அடையாள எண்ணையும் கடைக்காரர் பூதக்கண்ணாடியில் காட்டினார். 2023 ஏப்ரல் முதல் அந்த எண் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. சரிபார்த்து வாங்கி, சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வழியெல்லாம் கையை நெஞ்சிலேயே வைத்தபடி வந்து சேர்ந்தேன்.

வந்து சேர்ந்தபோது பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் அப்பாவின் அண்ணன். எண்பதை நெருங்குகிறார். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் மொய் எழுதுவது அவர்தான். முத்து முத்தான எழுத்து. ஊர், தகப்பன் பெயர், பெயர், தொகை என்ற வரிசை பிசகாது. ஒரே பெயரில் ஒரே ஊரில் நாலு பேர் இருந்தால் ‘மேலத்தெரு’, ‘கிணத்தடி வீடு’ என்று சேர்த்து எழுதுவார். அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். சட்டைப் பையில் இரண்டு புதுப் பேனா, ஒரு சிவப்புப் பென்சில்.

“மொய்க்கு கம்ப்யூட்டர்காரங்கள ஏற்பாடு பண்ணியாச்சாமே தம்பி?” என்று கேட்டார்.

ஏற்பாடு பண்ணியது நான். மதுரை, உசிலம்பட்டி, தேனி வட்டாரத்தில் இப்போது அது சாதாரணம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சின்னப் பிரிண்டர். பணம் கொடுத்தவருக்குக் கையோடு ரசீது, சாயங்காலம் நமக்கு ஊர்வாரியாக அடித்துக் கட்டிய புத்தகம். கூட்டல் தப்பாது. அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக்கருத்து கிடையாது. ஆனால் நாற்பது வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைச் செய்துவிட்டேன். மண்டபம், சமையல், அலங்காரம், வீடியோ என்று ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு அட்வான்ஸ் அனுப்பிய வேகத்தில், இதையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டேன்.

இந்தத் தொடரை ஆரம்பித்ததே இதைச் சொல்லத்தான் என்று அந்தத் திண்ணையில் நின்றபோது தோன்றியது. முன்பெல்லாம் கல்யாண வீட்டில் வேலையைப் பிரித்துக் கொடுப்பதே ஒரு மரியாதை. இலை எண்ணுகிறவர் ஒருவர், சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கிறவர் ஒருவர், வாழைமரம் கொண்டுவந்து கட்டுகிறவர் ஒருவர். தவசிப்பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மளிகை அளந்து கொடுப்பதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பா இருந்தார். ‘நீ வந்தாத்தான்டா ஆகும்’ என்று சொல்வதற்குப் பதிலாக ஆளுக்கொரு வேலையைக் கையில் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் காண்டிராக்டில் விட்ட பிறகு சொந்தக்காரர்கள் குளித்து, பட்டு உடுத்தி, நேராகப் பந்திக்கு வந்து, மொய் வைத்துவிட்டுப் போகிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடமிருந்து எதை வாங்கிக்கொண்டோம் என்பது பெரியப்பாவின் சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனாவைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

“தப்பு என் மேலதான் பெரியப்பா. உங்ககிட்ட கேக்காம செஞ்சுட்டேன்.”

“செஞ்சது சரிதான்யா. எனக்கும் கை நடுங்குது,” என்றார். பிறகு பக்கத்திலிருந்த பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். “சரி, அந்தப் பயலுக்கு யார் யாருன்னு தெரியுமா?”

அது 1996-இல் அக்கா கல்யாணத்துக்கு அவர் எழுதிய மொய் நோட்டு. அட்டையின் நாலு மூலையிலும் வைத்த மஞ்சள் இப்போது பழுப்பாகியிருந்தது. உள்ளே 11, 21, 51, எப்போதாவது ஒரு 501. நடுநடுவே பாத்திரங்களும் உண்டு: பித்தளைக் குடம் 1, எவர்சில்வர் தூக்கு 1. எங்கள் பக்கம் இதற்குச் செய்முறை என்று பெயர். நமக்குச் செய்தவர் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் நாம் போய்த் திருப்பிச் செய்ய வேண்டும், அதுவும் கூட்டிச் செய்ய வேண்டும். அப்படித் திருப்பிய ஒவ்வொரு வரிக்கும் நேராகப் பெரியப்பா சிவப்புப் பென்சிலில் டிக் போட்டிருந்தார். பிறருக்கு அது வரவு செலவு மாதிரி தெரியும். எங்களுக்கு அது சொந்தக்காரர்களின் பதிவேடு. யார் எந்த வருஷம் வரை நம் வீட்டுக்கு வந்துபோனார்கள் என்பதை வேறு எங்கே போய்ப் பார்ப்பது?

அக்காவின் 80 பக்க நோட்டையும் இந்த நீள நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். பெரியப்பா ஊர் ஊராக வாசிக்க, அக்கா பத்திரிகை கொடுத்த வரிசையில் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். கொடுத்தாச்சு. கொடுத்தாச்சு. அவுக தவறிட்டாக, மகனுக்குக் கொடுத்தாச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தது விளக்கு வைக்கிற நேரம் வரை போனது. கடைசியில் சோழவந்தான் பக்கம் வந்தது.

“சோழவந்தான், கொடிக்கால் வீடு. வெத்தலை 10 கவுளி.”

அக்காவின் விரல் நின்றுவிட்டது. அந்த வரிக்கு நேரே டிக்கும் இல்லை.

கொடிக்கால் வீட்டுக்காரர் எங்கள் அப்பாவின் சிநேகிதர். அக்கா கல்யாணத்துக்குக் காசாக வைக்காமல், கொடிக்காலிலிருந்து வெற்றிலையாகவே கொண்டுவந்து இறக்கியவர். கவுளிக்கு 100 என்றால் ஆயிரம் வெற்றிலை. அப்பா போன பிறகு அந்த வீட்டோடு போக்குவரத்து நின்றுபோனது. அவர் இறந்ததுகூட எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

“இந்நேரத்துல போயிப் பத்திரிகை வச்சா என்ன நெனப்பாக?” என்றாள் அக்கா. செவ்வாய்க்கிழமை ராத்திரி. மறுநாள் விடிந்தால் பந்தக்கால். கால் ஊன்றிவிட்டால் கல்யாண வீட்டார் வெளியூர் போவதை எங்கள் வீட்டில் ஒப்பமாட்டார்கள். உள்ளறையில் படுத்திருந்த அப்பத்தா எழுந்து வந்தார். “பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காது. கால ஊன்றிட்டு நேரா கெளம்புங்க, உச்சிக்குள்ள திரும்பிருங்க. நான் இருக்கேன்ல,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு வாசலில் ஈசானி மூலையில் குழி தோண்டியிருந்தார்கள். மூங்கில் கழியின் நுனியில் மாவிலையும் அரசங்கொத்தும். மஞ்சள் துணியில் நவதானியமும் ஒற்றை ரூபாயும் முடிந்து கட்டியிருந்தது. கட்டுக்கழுத்திகள் ஐந்து பேர் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, குழியில் பால் விட்டார்கள். பாலை மண் உறிஞ்சுவதற்குள் கழியை இறக்கி நான் பிடித்துக்கொண்டேன். அத்தான் மண்ணைத் தள்ளி மிதித்தார். மணப்பெண் பாப்பா இன்னும் தூக்கம் கலையாத கண்ணோடு நிலைப்படியில் நின்றாள். “மாமா, நேரா இருக்கா பாருங்க,” என்றாள். கழி கொஞ்சம் தெற்கே சாய்ந்திருந்தது. நிமிர்த்தினேன். அதுவரை கைவேலையாகவே ஓடிக்கொண்டிருந்த கல்யாணம், அவள் இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறாள் என்ற சேதியாக எனக்கு எட்டியது அந்த நொடியில்தான்.

மதுரையிலிருந்து சோழவந்தானுக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். அக்கா, அத்தான், பெரியப்பா, நான். வைகைத் தண்ணீரும் பெரியாறு கால்வாய்த் தண்ணீரும் பாய்கிற ஊர். வழியெல்லாம் வயலும் வாழையும் தென்னையும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் கொடிக்கால் முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை. அகத்தி நட்டு, அதன் மேல் கொடி ஏற்றி, வெயில் படாமல், ஈரம் காயாமல் குழந்தை மாதிரி பார்க்க வேண்டிய பயிர். அதைப் பார்க்க ஆள் வேண்டுமே.

வீட்டைப் பெரியப்பாதான் அடையாளம் காட்டினார். அப்பாவின் சிநேகிதருடைய மகன் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அக்காவைத் தெரியவில்லை. பெரியப்பா அப்பாவின் பெயரைச் சொன்னதும் வேட்டியை இறக்கிவிட்டு, “உள்ள வாங்க, உள்ள வாங்க,” என்றார்.

தட்டில் பழம், குங்குமம், பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்த அக்கா, பையிலிருந்து வெற்றிலையை எடுக்கும்போது தயங்கினாள். வெற்றிலைக்காரர் வீட்டுக்குக் கடையில் வாங்கிய வெற்றிலை. அப்படியே வைத்து நீட்டினாள். “முன்னாடியே வந்திருக்கணும்ணே. விட்டுப்போச்சு. இவுக நோட்டுலதான் பாத்தோம்,” என்று உள்ளதைச் சொன்னாள். பெரியப்பா நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தன் அப்பா பெயர் இருந்த இடத்தை வாசித்தார். ஒருமுறை விரலால் தடவினார்.

“இப்ப வெத்தலைக்கு யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

“இன்னும் யார்கிட்டயும் சொல்லலண்ணே.”

“எத்தன கவுளி வேணும்?”

“பைக்கு ரெண்டுன்னு பதினாறு. தட்டுக்கு, சபைக்குன்னு ஒரு நாலு. இருபது. பத்துக்காச்சும் காசு வாங்கிக்கணும்.”

“அத அப்புறம் பேசிக்கிருவோம். ஞாயித்துக்கெழம விடியக்காலம் மூணு மணிக்கு மண்டபத்துல இருக்கும்,” என்றார்.

திரும்பும்போது காரில் அக்கா 80 பக்க நோட்டைப் பிரித்து, வெற்றிலைக்கு நேரே இருந்த கடையின் பெயரை அடித்துவிட்டுச் சோழவந்தான் என்று எழுதினாள். முன் சீட்டில் பெரியப்பா நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் மேசையில் அந்தப் பையனுக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு என்று அத்தான் சொல்லியிருந்தார். வருகிறவர் யார் வீடு என்று எடுத்துச் சொல்ல வேறு ஆளும் இல்லை.

“இதுக்கு டிக் போட்டுறலாமா பெரியப்பா?” என்று கேட்டேன்.

“இப்ப எதுக்கு? அவுக வீட்டு விசேஷத்துக்கு நாம போயிட்டு வந்து போடுவோம்,” என்று பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

(தொடரும்)