பெயருக்குப் பின்னால் – 14: முத்துலட்சுமி பணம்

கீழ்பென்னாத்தூரில் செஞ்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது காதில் விழுந்தது.

"முத்துலட்சுமி பணம் ஏறிச்சாடி?"

"ஒரு தவணை ஏறிச்சிக்கா. அடுத்தது நிக்குது. பேங்க் புக்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேராம்."

பதில் சொன்ன சின்னவளுக்கு ஏழு மாத வயிறு. மடியில் ஊட்டச்சத்துப் பெட்டகம்: ஆவின் நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு, மேலே ஒரு துண்டு. கர்ப்பத்தைப் பதிந்ததற்கான பிக்மி நம்பர் எழுதிய அட்டையைத் துண்டுக்கடியில் செருகியிருந்தாள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று அரசு நீளமாக வைத்த பெயர், ஊர் வாயில் பணமாகச் சுருங்கிவிட்டது. 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் பெட்டகத்தோடு சேர்த்து 18,000. தொகை எல்லோருக்கும் மனப்பாடம். ஆள் யாரென்று கேட்டேன்.

"யாரோ மந்திரியா இருந்தவங்க" என்றார் அக்கா.

மந்திரி இல்லை, டாக்டர். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பை மீறி இடம் பெற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1927-இல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவர். காந்தி 1930-இல் கைதானதும் அந்தப் பதவியை உதறினார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சொன்னபோது இருவரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

அதே 1930-இல் நடந்த இன்னொன்றைச் சொன்னேன். கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் போராடியவர் அவர். அவருடைய தாய் சந்திரம்மாளே அந்த மரபில் வந்தவர். அந்தக் குலத்துப் பெண்பிள்ளைகள் சிலர் தப்பித்து வந்து அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். சேர்த்துக்கொள்ளச் சொல்லி விடுதிகளைக் கேட்டார். எந்த விடுதியும் கதவு திறக்கவில்லை. சட்டம் பேசுவது ஒன்று, ராத்திரிக்குப் பாய் விரிப்பது வேறு. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை அடியோடு தடுத்த சட்டம் வர 1947 ஆயிற்று. பாய் மட்டும் அன்று ராத்திரியே விரிந்துவிட்டது.

சின்னவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியா?"

இந்தக் கேள்வியை எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை. கணவர் சுந்தர ரெட்டியும் டாக்டர். சரிசமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று சொல்லித்தான் 1914-இல் அவரைக் கட்டிக்கொண்டார் என்றேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணுங்க படிச்சிதுங்களா?"

"அதுக்குத்தான் அந்த வீடு. இப்பவும் அடையாறுல பள்ளிக்கூடமா நடக்குது."

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 68 வயதைத் தொடும் நேரத்தில், 1954 ஜூன் 18 அன்று, 12 படுக்கையோடு ஒரு ஆஸ்பத்திரியைத் திறந்த கதைக்கு வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. அக்கா முதலில் ஏறி, ஜன்னல் வழியாகக் கை நீட்டினார். பெட்டகத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

(தொடரும்)