நண்பர்களுக்கு நடுவே வந்து நின்றது எது?

இனப்போரைப் பற்றிய படங்களில் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பேர். ஒருவர் வீட்டு அடுப்படி வரை மற்றவர் உரிமையோடு போய்வருவார். பிறகு போர் வருகிறது, இருவரும் எதிரெதிரே துப்பாக்கியோடு நிற்கிறார்கள். நாடு எதுவானாலும் இந்தக் கதை மாறுவதில்லை. படம் முடிந்தபின் பார்த்தவர்களின் பேச்சும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒரு சாரார், மனிதத்தைப் பேசிய படம் என்று நெகிழ்ந்துபோவார்கள். இன்னொரு சாரார், அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள் என்று கொதிப்பார்கள். ஆளுக்கொரு ரசனை என்று சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் இங்கே பிரிவது ரசனை இல்லை என்றே நினைக்கிறேன். அந்த நண்பர்களுக்கு நடுவே வந்து நின்றது எது என்று தெரிந்தவர் ஒரு படத்தைப் பார்க்கிறார், தெரியாதவர் வேறொரு படத்தைப் பார்க்கிறார். இத்தகைய படத்தை எடைபோட, இடையில் நின்ற அந்தப் பொருளைத் திரையில் காட்டினார்களா என்பதே சரியான அளவுகோல்.

திருவண்ணாமலையில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. விடிய விடிய நடக்கும் கலை இலக்கிய இரவுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. கதையையும் படத்தையும் கூட்டமாக உட்கார்ந்து பேசிப் பழகிய ஊர். அதோடு, இந்த மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களும் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்களில் ஏறத்தாழ 58,000 பேர் தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, வீடு கட்டித் தருவது உட்பட 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அங்கே வளர்ந்த இளைஞர்கள் பலர் இங்கேயே பிறந்தவர்கள். யாழ்ப்பாணமும் வன்னியும் அவர்களுக்குப் பெற்றோர் சொன்ன பேச்சிலும் பார்த்த படங்களிலும்தான் இருக்கின்றன. அப்படி ஒருவரும், ஈழம் என்றால் செய்தித்தாள் தலைப்பு என்ற அளவில் அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரும், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஒரே படத்தைப் பார்ப்பது இந்த ஊரில் நடக்கக்கூடியது.

இந்த வகைக் கதையில் உலகம் அதிகம் சண்டையிட்ட படம் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம். செர்பிய இயக்குநர் ஸ்ர்ஜான் டிராகோயெவிச் 1996-இல் எடுத்த 'லேப்பா செலா லேப்போ கோரே', அதாவது 'அழகான ஊர்கள் அழகாக எரியும்'. போஸ்னிய ஊர் ஒன்றில் மிலான் என்ற செர்பியனும் ஹலீல் என்ற முஸ்லிமும் பால்ய நண்பர்கள். ஊருக்கு வெளியே, சகோதரத்துவத்தின் பெயரால் திறந்துவைக்கப்பட்டுப் பிறகு கைவிடப்பட்ட சுரங்கப்பாதை ஒன்று. உள்ளே பூதம் உறங்குகிறது என்று சிறுவயதில் இருவருமே அதற்குள் போகப் பயப்படுவார்கள். 1992-இல் போர் மூண்டபின் மிலான் அதே சுரங்கத்துக்குள் செர்பியப் படையினரோடு மாட்டிக்கொள்கிறான். சுற்றிவளைத்து நிற்கும் எதிர்ப்பக்கத்தில் ஹலீல் இருக்கிறான். கடைசியில் நேருக்கு நேர் சந்திக்கும்போது இருவரிடமும் இருப்பது கேள்வி மட்டும்தான். என் பட்டறையைக் கொளுத்தியது யார் என்று ஒருவன் கேட்கிறான். என் அம்மாவைக் கொன்றது யார் என்று மற்றவன் கேட்கிறான். இருவருமே அதைச் செய்யவில்லை.

உள்ளத்தை உலுக்கும் காட்சிதான் அது, மறுக்க முடியாது. செர்பியப் படைகள் முஸ்லிம் ஊர்களை எரிப்பதையும் கொள்ளையடிப்பதையும் படம் மறைக்கவில்லை. அதற்காகவே செர்பிய தேசியவாதிகள் சிலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் போஸ்னியத் தரப்பிலிருந்து எழுந்த மனக்குறை நியாயமானது. படத்தின் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் நடக்கிறது. நாம் பேரும் பழக்கமும் அறிந்து, சிரித்து, பசியையும் தாகத்தையும் பகிர்ந்துகொள்வது உள்ளே இருக்கும் செர்பியர்களோடுதான். வெளியே நிற்பவர்கள் பெரும்பாலும் இருட்டிலிருந்து வரும் குரல்களாகவே இருக்கிறார்கள். சரயேவோ நகரம் 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். உண்மையில் முற்றுகைக்குள் இருந்தவர்கள் யார் என்று அறிந்த ஒருவர், முற்றுகையில் சிக்கிய செர்பியர்களின் கதையைப் பார்க்கும்போது நண்பர்களின் கண்ணீரை மட்டும் பார்க்க மாட்டார். யாரை எங்கே நிறுத்தினார்கள் என்பதையும் பார்ப்பார்.

இதே போரைப் போஸ்னியாவின் டானிஸ் டானோவிச் 2001-இல் 'நோ மேன்ஸ் லேண்ட்' படமாக எடுத்தார். 'லகான்' போட்டியிட்ட ஆண்டில் வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரை வென்றது அதுதான். இரண்டு எதிரிகள் ஒரே பதுங்குகுழியில் மாட்டிக்கொள்கிறார்கள். பேச்சுவாக்கில் இருவருக்குமே தெரிந்த பெண் ஒருத்தி இருப்பது தெரிகிறது. போரை யார் ஆரம்பித்தது என்று வாக்குவாதம் வரும்போது, துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவன் கேட்கும் பதிலை மற்றவன் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி கை மாறுகிறது, பதிலும் மாறுகிறது. இருவரும் குற்றவாளிகள் என்று சொல்வதுபோல் முதலில் தோன்றும். ஆனால் உண்மையைச் சொல்லும் இடத்தை ஆயுதம் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதை அது கண்ணெதிரே காட்டிவிடுகிறது. இடையில் நின்ற பொருள் திரையில் இருக்கிறது.

இலங்கைக்கு வந்தால், நண்பர்களுக்கு நடுவே நின்றவற்றை ஆண்டு வாரியாகவே சொல்லலாம். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம். 1958-இல் கலவரம். 1970-களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கொழும்பு எரிந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிவந்தார்கள். வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் தமிழ் அயலவர்களை வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றின. இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை. அயலவரின் அன்பு அங்கே பொய்த்துப்போகவில்லை. பட்டியலோடு வந்தவர்களைத் தடுக்க அரசு கைநீட்டாதபோது அந்த அன்புக்குப் போதிய பலம் இல்லை. நண்பர்கள் ஒருவரை ஒருவர் வெறுத்ததால் போர் வந்தது என்று ஒரு படம் நம்மை நம்பவைத்தால், அது சட்டத்தையும் பட்டியலையும் காப்பாற்றிவிடுகிறது.

சிங்கள சினிமா இதை வெகு சீக்கிரமே தொட்டிருக்கிறது. சுனில் ஆரியரத்ன 1979-இல் எடுத்த 'சருங்கலே' படத்தில், கொழும்பில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத் தமிழ் எழுத்தர் நடராஜாவாகச் சிங்களத் திரையின் பெரும் நட்சத்திரம் காமினி பொன்சேகா நடித்தார். பின்னணி 1958 கலவரம். படம் வந்து நான்கே ஆண்டில் அதைவிடப் பன்மடங்கு பெரியது நடந்தது.

தமிழ்நாட்டுப் பார்வையாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட படம் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்', 2002. ஆறு தேசிய விருதுகள் பெற்றது. அதில் மாதவனுக்கு பிரகாஷ்ராஜ் நடித்த சிங்கள நண்பர் ஒருவர் உண்டு. அவர் நல்லவர், வழிகாட்டுகிறார், ஆபத்தில் உடன் நிற்கிறார். ஆனால் அந்த நட்புக்கு நடுவே எதுவும் வந்து நிற்பதில்லை. ஏனென்றால் மாதவனின் பாத்திரம் சென்னையிலிருந்து போன எழுத்தாளர், தேடல் முடிந்தால் வீடு திரும்பலாம். பெற்ற தாயைத் தேடும் குழந்தையின் துயரமாக அந்தப் படம் வலுவானது. ஆனால் இனப்போரில் நட்பு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அதில் விடை தேட முடியாது. 2014 மார்ச் இறுதியில் சந்தோஷ் சிவனின் 'இனம்' வந்தபோது எதிர்ப்பு வேறு வேகத்தில் எழுந்தது. முள்ளிவாய்க்காலில் இறுதிப் போர் முடிந்து ஐந்தாண்டுகள்கூட ஆகவில்லை. காட்சிகள் சில வெட்டப்பட்டன, அதுவும் போதாமல் சில நாட்களிலேயே படம் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வியில் பொருள் இருந்தது. அத்தனை குழந்தைகளை அநாதையாக்கியது யார் என்று சொல்லாமல் அநாதைகளுக்காக எங்களை அழச் சொல்வதா என்று கேட்டார்கள்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்பு வலுவானதுதான். சினிமா வரலாற்றுப் பாடநூல் இல்லை. இரண்டு மணி நேரத்தில் சட்டத்தையும் கலவரத்தையும் விளக்கிக்கொண்டிருந்தால் மனிதர்கள் காணாமல் போவார்கள். உண்மைதான். ஆனால் விளக்கத் தேவையில்லை, காட்டினால் போதும் என்பதற்கு பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' சான்று. பார்வையிழந்த சிங்களக் கிராமத்து முதியவரின் மகன் போர்முனையில் இறந்துவிட்டான் என்று மூடி முத்திரையிட்ட சவப்பெட்டி வீட்டுக்கு வருகிறது. இழப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பணம் கிடைக்கும், குடும்பத்துக்குப் பணம் அவசரத் தேவை. கிழவர் போட மறுக்கிறார். கடைசியில் தோண்டி எடுத்துத் திறந்தால் உள்ளே வாழைத்தண்டும் கல்லும். போர்க்களம் ஒரு காட்சியில்கூட இல்லை, வசனத்தில் அரசியல் இல்லை. ஒரு பெட்டியும் ஒரு படிவமும் மட்டும். குடிமகனுக்கும் உண்மைக்கும் நடுவே அரசு எதை வைத்தது என்பது ஒரு குழந்தைக்கும் புரியும். அரசுக்கும் புரிந்தது. 2000-இல் படத்தைத் தடுத்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் தலையிட்டபின் 2001-இல் வெளிவந்தது.

இன்னொரு மறுப்பு, இரு தரப்பும் குற்றம் செய்ததே, இருவரையும் காட்டுவதுதானே நடுநிலை என்பது. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கை, இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. தாக்குதலற்ற வலயம் என்று தானே அறிவித்த இடத்தில் அரசுப் படை குண்டு வீசியதையும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் கேடயமாக வைத்திருந்ததையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாகத் தனித்தனியே பதிவு செய்தது. நடுநிலைக்கு இது நல்ல முன்மாதிரி. எதை யார் செய்தார், எந்த அளவில் செய்தார் என்று பெயர் சொல்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு கொலை, மறுபக்கத்துக்கு ஒரு கொலை என்று கணக்கை நேர் செய்யும் படங்களில் இந்த நேர்மை இல்லை.

அப்படியானால் தவறான படத்தை நிறுத்திவிடலாமே என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையை இழந்தவரை உட்காரவைத்து இதைப் பாருங்கள் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அவர் வலிக்கு விளக்கம் கேட்கவும் கூடாது. ஆனால் படத்தையே எடுத்துவிட்டால் அவர் பேசக்கூடிய இடமும் போய்விடுகிறது. 2014 ஜூனில், அதே விதானகேயின் 'ஒப நெதுவ ஒப எக்க' படத்தின் சென்னைக் காட்சிகள் மிரட்டலால் நின்றன. சகோதரர்களைப் போரில் இழந்த தமிழ்ப் பெண், தன் சிங்களக் கணவன் முன்பு ராணுவத்தில் இருந்தவன் என்று திருமணத்துக்குப் பின் அறிகிற கதை அது. கொழும்பு அரசு தடுத்த இயக்குநரைச் சென்னையும் தடுத்தது. அந்தக் கணவனுக்கு மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பை இயக்குநர் தாராளமாகக் கொடுத்துவிட்டார் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதம் நடந்திருக்க வேண்டும், முகாமிலிருந்து வந்த ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்து நடத்தியிருக்க வேண்டும். நடக்கவில்லை.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று இருக்கிறது. நண்பர்களுக்கு நடுவே நின்றது எது என்ற கேள்வியைச் செர்பியப் படத்திடமும் சிங்களப் படத்திடமும் கேட்கும் நாம், நம் பக்கத்திடமும் கேட்க வேண்டும். தமிழ் இயக்கங்கள் தங்களுக்குள் கொன்றுகொண்டதையும் பேசிய ஜூட் ரட்ணத்தின் ஆவணப்படம் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' 2017-இல் கான் விழாவில் காட்டப்பட்டது. எடுத்தவர் 1983 வன்முறையிலிருந்து குடும்பத்தோடு தப்பிய தமிழர். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்புக் கிளம்பி, திரையிடல் கைவிடப்பட்டது. நம் பக்கத்திடம் கேட்க இன்னொன்றும் உண்டு. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, கிளம்ப இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். நகையும் சேமிப்பும் பறிக்கப்பட்டன. பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களில் போய் விழுந்தார்கள். 2002-இல் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் அதை ஓர் அரசியல் தவறு என்று ஏற்றுக்கொண்டார். போனவர்களும் இருந்தவர்களும் பேசியது ஒரே தமிழ். வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள், கடைக்கணக்கும் நோன்புக்கஞ்சியும் பொங்கலும் பகிர்ந்துகொண்டவர்கள். அழுதுகொண்டே பார்த்து நின்ற தமிழ் அயலவர்கள் உண்டு. அவர்கள் கையில் எதுவும் இருக்கவில்லை, 1983-இல் கொழும்பின் நல்ல சிங்கள அயலவர்கள் கையில் இல்லாததுபோலவே.

பிரிந்த நண்பர்களின் கதை வேண்டும் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தில் அது முழுமையாக இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய தயாரிப்பு நிறுவனம் எதுவும் அதைத் தொட்டதில்லை. யாராவது எடுத்தால், அறிவிப்புச் செய்த ஒலிபெருக்கியையும் மைதானத்தையும் சோதனைச் சாவடியையும் தெளிவாகக் காட்டுகிறார்களா, இல்லை இரண்டு நண்பர்கள் கட்டிப்பிடித்து அழுவதோடு முடிக்கிறார்களா என்று 'இன'த்திடம் கேட்ட அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். திருவண்ணாமலையில் திரையிட்டால் முகாமிலிருந்தும் ஊரிலிருந்தும் ஆட்கள் வரவேண்டும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு முதலில் முகாமிலிருந்து வந்தவர்களைப் பேசவிட வேண்டும். புத்தளத்தில் வளர்ந்த ஒரு யாழ்ப்பாண முஸ்லிமையும் அழைத்து வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.