பாட்டிலுக்கும் உண்டு பரிசோதனை

கேன் தண்ணீர் வாங்கும்போது ஆர்.ஓ. செய்ததா, டி.டி.எஸ். எவ்வளவு என்றெல்லாம் விசாரிக்கிறோம். அந்தத் தண்ணீர் நாள்கணக்கில் தங்கியிருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுத்திகரிப்பு ஆலையில் எவ்வளவு பாடுபட்டாலும், அடைக்கிற பாத்திரம் சரியில்லை என்றால் அத்தனையும் வீண்.

மைசூரில் இதற்கான ஆய்வு நடக்கிறது. 1950-ல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் (உள்ளூர்க்காரர்களுக்கு அது சி.எஃப்.டி.ஆர்.ஐ.) உணவைப் பொதியும் பொருள்களை ஆராயத் தனித் துறையே உண்டு. கிண்டியில் தலைமையகம் கொண்ட சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தின் மைசூர் மையமும் பிளாஸ்டிக்கின் தரத்தைச் சோதிக்கிறது.

பிளாஸ்டிக்கிலிருந்து எவ்வளவு பொருள் தண்ணீருக்குள் இறங்குகிறது? இதைக் கண்டறிய ஐ.எஸ். 9845 என்ற இந்தியத் தரநிலை ஒரு வழி சொல்கிறது. பாட்டிலில் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 நாள் வைக்கிறார்கள். பிறகு அந்த நீரை எடை பார்த்து வைத்த ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்குகிறார்கள். அடியில் மெல்லிய படிவு ஒட்டியிருக்கும். சில நேரம் கண்ணுக்கே தெரியாது. மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசில் கிண்ணத்தை மீண்டும் நிறுக்கிறார்கள். பிளாஸ்டிக்கைத் தொடாத அதே நீரையும் இப்படியே ஆவியாக்கி, அதன் படிவைக் கழித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது லிட்டருக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புளிப்பான பானம் என்றால் நீருக்குப் பதில் 3 சதவீத அசிட்டிக் அமிலம். எண்ணெய்ப் பண்டம் என்றால் ஹெப்டேன்.

இந்த எடை மட்டும் போதாது என்பது என் கருத்து. எவ்வளவு இறங்கியது என்று அது சொல்லும். எது இறங்கியது என்று சொல்லாது. பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாட்டிலையே பாருங்கள். டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் கைகோத்த நீண்ட சங்கிலிகளால் ஆனது அது. சங்கிலி எளிதில் நகராது. நகர்வன உதிரிகள்: முழுதாகச் சேராத குட்டி மூலக்கூறுகள், வினையூக்கியாகப் போட்ட ஆன்டிமனியின் எச்சம், சுமார் 280 டிகிரியில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு. புது பாட்டில் தண்ணீரில் சில சமயம் வரும் பழவாசனைக்கு இந்த அசிட்டால்டிஹைடு ஒரு காரணம்.

ஆன்டிமனி நஞ்சு. அதனால் அதைத் தனியே அளக்க வேண்டும். பாட்டில் குடிநீருக்கான ஐ.எஸ். 14543 தரநிலை லிட்டருக்கு 0.005 மில்லிகிராம்வரைதான் அதை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 0.02. இந்த ஒன்றில் நம் விதி நான்கு மடங்கு கறார்; நாம் பெருமைப்படலாம்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் தேறிய பாட்டில் நம் ஊர் வெயிலில் எப்படி நடந்துகொள்ளும்? அரிசோனா ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, அறைச் சூட்டில் ஆன்டிமனி மிக மெதுவாகவே கசிகிறது. 60 டிகிரிக்கு மேல் போனால் வேகமெடுக்கிறது. கோடையில் பூட்டி வைத்த கார் அந்தச் சூட்டை எட்டக்கூடியது.

எனவே காரில் கிடந்து சூடேறிய பாட்டில் தண்ணீரைக் குடிக்காதீர்கள். பெட் பாட்டிலில் வெந்நீர் ஊற்றாதீர்கள். கீறல் விழுந்து மங்கிய கேனைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் தெருக் கடையில் பாட்டில்களை வெயிலில் அடுக்கியிருந்தால், நிழலுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.