உறுதியைப் பார்க்கிறோம், மண்ணைப் பார்க்கிறோமா?

இரத்தினபுரிப் பக்கம் வீடு கட்டக் காணி வாங்கும் நமது சகோதரர்கள் என்னிடம் முதலில் காட்டுவது உறுதியைத்தான். சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடியிருப்பார், நில அளவை வரைபடமும் இருக்கும். "இங்கே முன்பு மாணிக்கக்கல் தோண்டினார்களா?" என்று கேட்டால் பதில் வராது. மத்திய கிழக்கில் பல வருடம் உழைத்த காசு அந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது.

காணிப் பதிவகத்தில் உரிமை மாற்றம் இருக்கும், குழி இருக்காது. அனுமதிப்பத்திரத்தோடு தோண்டுவோரிடம் குழியை மூடுவதற்கென தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபை வைப்புப் பணம் வாங்குகிறது. திருட்டுத்தனமாகத் தோண்டிய குழிகளுக்கு எந்தக் கணக்கும் இல்லை. மூடிய குழியிலும் மண்ணைத் தளர்வாகத்தான் கொட்டியிருப்பார்கள். அது மழைக்கு மழை அமிழும். வீட்டின் ஒரு பாதி இறுகிய மண்ணிலும் மறுபாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால் சுவர் சாய்வாக வெடிக்கும். இன்னொன்று, கல் இருக்கும் 'இல்லம்' படையை எட்டியதும் அதன் வழியே பக்கவாட்டிலும் சுரங்கம் வெட்டுவார்கள். குழி அடுத்த வளவில் இருந்தாலும் சுரங்கம் உங்கள் காணிக்கு அடியில் வந்திருக்கலாம்.

எனவே மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். வட்டமாகத் தண்ணீர் தேங்கும் பள்ளம், மேலே சிதறிக் கிடக்கும் உருண்டைக் கற்கள், அயல் வீட்டுச் சுவர் வெடிப்பு எல்லாம் அடையாளங்கள். அத்திவாரம் வரும் இடங்களில் ஆள் உயரத்துக்கு வெட்டிப் பாருங்கள்: இயற்கை மண் படை படையாக இருக்கும், நிரப்பிய மண் களியும் மணலும் கல்லுமாகக் கலந்து கிடக்கும். அதற்கும் கீழே என்ன என்பதைத் துளையிட்டுத்தான் அறியலாம்; செலவுதான், ஆனால் அத்திவாரத்தை மீண்டும் போடும் செலவல்ல. முன்பு குழியில் வேலை செய்த ஊர்ப் பெரியவர்களிடமும் விசாரியுங்கள். கிராம உத்தியோகத்தரை விட அவர்களுக்கே அதிகம் தெரியும்.

சரிவான காணியென்றால் முற்பணம் கொடுக்க முன்னரே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பாருங்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடியதை மறக்க முடியுமா?

விற்பவருக்கும் பொறுப்புண்டு. தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மூடிய குழியும் அதே ஈரம்தான். குறையை மறைத்து விற்றால் வாங்கியவருக்கு வியாபாரத்தை முறிக்கும் உரிமையை ஷரீஆ வழங்குகிறது. ஆனால் வீடு எழும்பிய பின் யார் முறிப்பது? காணியில் தோண்டப்பட்டதா, எங்கே என்பதை விற்பனை உடன்படிக்கையிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரின் காணியை நானென்றால் வாங்கமாட்டேன்.