130 வெள்ளி விளக்கு

மாலை ஏழு மணிக்கு எங்கள் செங்காங் வீட்டு ஹால் முழுக்க நீலமாகிவிடும். "வீடா இது, டிஸ்கோவா?" என்று அம்மா கேட்காத நாளில்லை. கேட்டுவிட்டு, தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவேளையில் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பதும் அவர்தான்.

பவளத்தொட்டி வேண்டும் என்றது என் ஒன்பது வயது மகள். சரி என்றது நான். "எல்லாம் சேர்த்து 800 வெள்ளி. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது" என்றது மனைவி. இரண்டடித் தொட்டி, பம்ப், கல், மணல், உப்பு என்று வாங்கி முடித்தபோது கையில் 250 வெள்ளி மிச்சம். கடையில் விளக்கின் விலையைக் கேட்டேன். பெயர் பெற்ற நிறுவனத்தின் எல்இடி விளக்கு ஒன்று மட்டும் 600 வெள்ளிக்கு மேல்! தங்கமீன் தொட்டிக்குப் போடும் 30 வெள்ளி விளக்கு போதாதா என்று கேட்டதற்குக் கடை அங்கிள் சிரித்தார்.

போதாது. பவளம் பார்க்கச் செடி போல இருந்தாலும் அது ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து, பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. வாடகைக்குப் பதில் சமைத்துப் போடும் குடித்தனக்காரர் மாதிரி. வெளிச்சம் குறைந்தால் பவளம் பட்டினி. கூடினால் அது இன்னும் மோசம். அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கடல்நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். ஆழத்துக்குப் போய்ச் சேருவது நீலம்தான். அதற்குப் பழகிய பாசிகளுக்கு நீல ஒளிதான் பிரதானம். எங்கள் ஹால் நீலமாவதற்கும் காரணம் அதுதான். விளக்குப் பெட்டியில் 'லூமன்' எவ்வளவு என்று தேடுவதும் வீண். லூமன் மனிதக் கண்ணுக்கான கணக்கு. நீலத்தை நம் கண் குறைவாகவே உணர்கிறது. பவளத்துக்குப் பார்க்க வேண்டியது 'பார்' என்னும் அளவு. காளான் பவளங்களுக்கு 50 முதல் 100 வரை போதும். கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா வகைக்கு 250க்கு மேல் வேண்டும்.

முன்பெல்லாம் மெட்டல் ஹேலைட் விளக்குகள்தான். வெளிச்சம் பிரமாதம், ஆனால் அடுப்பு போலக் கொதிக்கும். நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி. பவளத்துக்கு 25, 26தான் பிடிக்கும். அந்த விளக்கை வாங்கினால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் வாங்க வேண்டும். விளக்கில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். டி5 குழல் விளக்கு மோசமில்லை, வெளிச்சம் தொட்டி முழுக்கச் சீராக விழும். ஆனால் குழல்களை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எனக்குச் சரிப்பட்டது, இணையத்தில் 130 வெள்ளிக்குக் கிடைத்த, பெயரில்லாத சீனத் தயாரிப்பு எல்இடி. ஒரு கருப்புப் பெட்டி. வெள்ளைக்கு ஒரு திருகு, நீலத்துக்கு ஒரு திருகு, அவ்வளவுதான்.

வந்த அன்றே இரண்டு திருகுகளையும் முழுசாக ஏற்றினேன். காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தை ஏன் வீணாக்குவானேன்? கீழே மகள் தேர்ந்தெடுத்த, 60 வெள்ளி கொடுத்து வாங்கிய ஹேமர் பவளம். மூன்று தலைகள், நுனியெல்லாம் குட்டிச் சுத்தியல்கள். மூன்றாம் நாள் அது சுருங்கியது. ஐந்தாம் நாள் பச்சை போய் வெளுத்தது. "அப்பா, அதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். சாப்பாடு போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் தீனி போட்டேன். அது தப்புக்கு மேல் தப்பு.

அங்கிளிடம் கைப்பேசிப் படத்தைக் காட்டினேன். "லைட் டூ ஸ்ட்ராங் லா" என்றார் ஒரே வரியில். வெளிச்சமோ வெப்பமோ அளவு மீறினால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிடும். 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல் சூடானபோது சிங்கப்பூர்த் தீவுகளைச் சுற்றியும் பவளங்கள் இப்படித்தான் வெளுத்தன. அதையே என் ஹாலில் ஐந்து நாளில் செய்திருக்கிறேன்.

'பார்' அளக்கும் கருவி விளக்கைவிட விலை அதிகம். அதே பொழுதுபோக்கில் இருக்கும் அலுவலக நண்பரிடம் ஒரு சனிக்கிழமை இரவல் வாங்கினேன். கல்லின் உச்சியில் 380. மணலின் மூலையில் 90. விளக்கை ஒரு முழம் மேலே தூக்கிக் கட்டி, நீலத்தை 30, வெள்ளையை 10 விழுக்காட்டுக்கு இறக்கி, பவளத்தை மணலுக்கு மாற்றினேன். பிறகு வாரத்துக்கு 5 விழுக்காடு மட்டும் ஏற்றினேன். ஒரு தலை செத்துவிட்டது. மற்ற இரண்டும் ஆறு வாரத்தில் நிறம் திரும்பின. செத்ததன் வெள்ளை எலும்புக்கூட்டை மகள் எடுக்கவிடவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது நீலம் 60, வெள்ளை 15. பெட்டியில் 165 வாட் என்று போட்டிருந்தாலும் மின்அளவி காட்டுவது 45தான். நாளுக்கு ஒன்பது மணிநேரம் என்றால் மாதத்துக்குச் சுமார் 12 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு வைத்தால் நான்கு வெள்ளிகூட இல்லை. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி வீசுகிறது; இரண்டு, மூன்று டிகிரி குறைகிறது. ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

மலிவு விளக்கில் நான் காசு பார்க்காத இடம் ஒன்று உண்டு. அதோடு வந்த கம்பியில் இரண்டு முனைதான், எர்த் இல்லை. உலோகப் பெட்டி, கீழே உப்புத் தண்ணீர், பக்கத்தில் கை நீட்டும் பிள்ளை. அந்தக் கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாதுகாப்பு முத்திரையுள்ள மூன்று முனைக் கம்பி வாங்கினேன். பிளக்குக்குப் போகும் முன் கம்பி கீழே தொங்கி மேலே ஏறும்படி விட்டிருக்கிறேன். சொட்டும் தண்ணீர் அந்த வளைவிலேயே விழுந்துவிடும். தொட்டிக்குள் கை விடுமுன் சுவிட்சை அணைப்பது வீட்டுச் சட்டம்.

அடுத்து அக்ரோபோரா வேண்டும் என்கிறாள் மகள். இந்த விளக்குக்கு அது ஆசைதான். ஜோகூரில் மலிவாமே என்று ஒரு நண்பர் ஆசை காட்டினார். கடினப் பவளங்கள் 'சைட்ஸ்' என்னும் அனைத்துலக வணிக ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. அனுமதியில்லாமல் பையில் போட்டு எல்லை தாண்ட முடியாது. ஆகவே 15 வெள்ளிக்கு இரண்டு காளான் பவளங்கள் வாங்கி, நிழலான மூலையில் வைத்திருக்கிறோம். ஒன்று குட்டி போட்டிருக்கிறது. அதை முதலில் பார்த்துச் சொன்னது அம்மா.